பவரேஜ்னு சொல்லு, வாயை மூடிக்கோ

ஏலே பேராண்டி, இங்ஙன வா. அந்தக் கிதாரை செவுத்துல சாத்தி வச்சிட்டு வந்து உக்காரு. நேத்து ராத்திரி நீயும் ஒன் கூட்டாளிப் பயலுவளும் கேரேஜ்ல போட்ட சத்தத்துல எனக்குத் தூக்கம் போச்சு. பாட்டுச் சத்தத்தைச் சொல்லல. பாட்டு ஓடுனப்ப நல்லாத்தான் கண்ணசந்தேன். அதை நிப்பாட்டிட்டு ஏசி/டிசியில எந்த ஆல்பம் ஒசத்தின்னு ஆரம்பிச்சீங்கல்லா, அதுலதாம் முழிப்பு வந்துட்டு. கடைசில தோத்தது நீதாம்ல. காலம்பூரா அம்மன் கொடையில தவிலடிச்சவன் பேரன், மெல்போன்ல பொறந்த பய, பாட்டு வெசயத்துல வாயடைச்சு நிக்கலாமா?

தாத்தனுக்கு இதெல்லாம் என்ன தெரியும்னு சிரிக்காத. காலையில ஒங்கப்பன் ஒரு பக்கம் போயிருதான், ஒங்கம்மா ஒரு பக்கம் போயிருதா, நீ காலேஜுக்குப் போயிருத. வீட்டுல மிச்சம் இருக்கது நானும் ஒன் ரெக்காடு பிளேயரும்தாம். எல்லாத் தட்டையும் கேட்டாச்சு. அட்டையில இருக்கதையும் எழுத்துக்கூட்டிப் படிச்சாச்சு. அதனால சொல்லுத புத்திய ஒழுங்காக் கேட்டுக்கோ.

மொதல்ல, எந்தக் கூட்டத்துலயும் வாயைத் தொறந்ததும் 'பேக் இன் பிளாக்'னு சொல்லீராத. நேத்து அதத்தாம் செஞ்ச. அந்தச் சுருட்டமுடிப் பய ஒரு சிரிப்பு சிரிச்சாம் பாரு, அப்பமே ஒன் கதை முடிஞ்சிட்டு. ஒலகம்பூரா அது 5 கோடி வித்திருக்கும்னு கணக்குச் சொல்லுதாவ. அம்புட்டு சனத்துக்குப் புடிச்சதே நமக்கும் புடிச்சிருக்குன்னா, அப்பம் ரசிகன்னு ஒருத்தன் தனியா எதுக்கு? கேக்கணும்னு ஆசையா இருந்தா ஆருமில்லாத நேரத்துல கதவைச் சாத்திக்கிட்டுக் கேளு. நான் காட்டிக் குடுக்க மாட்டேன்.

ஆனா எவனாச்சும் அதை மட்டமாப் பேசுனா அதுக்கும் ஆமாம் போடாத. ஒத்தக் கேள்வி கேளு: அமெரிக்காவுல அது எத்தனாவது எடத்துக்கு வந்துதுன்னு. ஒன்னாம் எடம்னு எல்லாப் பயலும் கையத் தூக்குவானுவ. 1980ல வந்தப்ப அது அங்க நாலாம் எடத்தோட நின்னுட்டு. 'டர்ட்டி டீட்ஸ் டன் டர்ட் சீப்'னு ஒன்னு இருக்குல்லா, அதை 1976லயே அமெரிக்கக் கம்பெனிக்காரன் எங்களுக்கு வேண்டாம்னு ஒதுக்கிட்டான். 'பேக் இன் பிளாக்' பிச்சிக்கிட்டுப் போறதைப் பாத்ததும் அவசர அவசரமாத் தூசி தட்டி 1981ல எறக்குனா, அது மூணாம் எடம். கழிச்சுப்போட்ட சரக்கு பெரிய சரக்குக்கு ஒரு படி மேல உக்காந்துக்கிட்டு. அந்த வருசக் கடைசில வந்த 'ஃபார் தோஸ் அபவுட் டு ராக்'தாம் அங்க ஒன்னாம் எடம் புடிச்சுது. அந்த ஒன்னாம் எடத்து ஆல்பத்துல, பேர்ப்பாட்டை விட்டுட்டு வேற ரெண்டு பாட்டு சொல்லுங்கடேன்னு கேளு. பாதிப்பேரு மோட்டைப் பாப்பானுவ. அந்தச் சமயம் பாத்து எந்திரிச்சு டீ போடப் போயிரு.

அடுத்தது, எது ஒசத்தின்னு ஒன்னியக் கேட்டா 'பவரேஜ்'னு சொல்லு. சொல்லிட்டு வாயை மூடிக்கோ. ஏன்னு கேட்டா பதில் சொல்லாத. கேக்குதவன் மூஞ்சிய ஒருவாட்டி பாத்துட்டு, இவனுக்கெல்லாம் சொல்லி என்ன ஆகப்போவுதுங்கிற மாதிரி குனிஞ்சுக்கோ. 1978ல வந்த அந்தத் தட்டு, மத்ததுக மாதிரி பெருசாப் போணியாகல. அதாம்ல அதுக்குப் பலமே. விக்காததைப் புடிச்சவனுக்கு வெவரம் சாஸ்தின்னு எல்லாத் தேசத்துலயும் ஒரு நெனைப்பு இருக்கு. ரோலிங் ஸ்டோன்ஸ் கீத் ரிச்சர்ட்ஸுக்கே இந்த ஆல்பந்தாம் பிடித்தம்னு ஒரு பேச்சு உண்டு. அதை நீயா எடுத்துச் சொல்லாத. இன்னொருத்தன் சொல்லட்டும், நீ ரொம்ப நாளாத் தெரிஞ்ச சேதியாட்டம் கேட்டுக்கோ.

அதுக்கும் மேல ஏறணும்னா, ஒருத்தன் 'பவரேஜ்'ங்கவும், "எந்தப் பவரேஜ்?"னு கேளு. ஆளு அங்ஙனயே பட்டுப்போவான். இங்கிலாந்துல மொத மொத அச்சடிச்ச தட்டுல 'ராக் அண்ட் ரோல் டாம்னேஷன்' பாட்டே கெடையாது. ரேடியோவுல போட ஒரு பாட்டு வேணும்னு கம்பெனிக்காரன் நச்சரிக்கப்போயி பொறவு சேத்தது அது. 'கோல்ட் ஹார்ட்டட் மேன்'னு ஒன்னு ஐரோப்பாத் தட்டுல இருக்கும், அமெரிக்கத் தட்டுல இருக்காது. 'லெட் தேர் பி ராக்'கைத் தொட்டா, இங்க ஆஸ்திரேலியாத் தட்டுல 'கிராப்சடி இன் ப்ளூ' இருக்கும், அமெரிக்கத் தட்டுல அதே எடத்துல 'பிராப்ளம் சைல்ட்' உக்காந்திருக்கும். இதையெல்லாம் மனப்பாடம் பண்ணி வச்சிக்கிட்டா, நீ பாட்டே கேக்க வேண்டாம். கூட்டத்துல ஒனக்குன்னு நாக்காலி போட்டுருவானுவ.

கேலி கெடக்கட்டும். எனக்கே அந்த 'பவரேஜ்' மேல ஒரு இது உண்டு. அதுல 'டவுன் பேமென்ட் ப்ளூஸ்'னு ஒரு பாட்டு. பெரிய காரு இருக்கு, அதுக்கு எண்ணெ ஊத்தக் கையில காசில்ல, கடன்காரன் தேடுதான், இவன் பாட்டுக்கு ஒக்காந்திருக்கான். ஒங்கப்பன் இந்த வீட்டுக்குத் தவணை கட்டுத தேதியில அந்தப் பாட்டைப் போட்டுப் பாரு, ஒனக்கே வெளங்கும். கடன் வாங்குனவனைப் பத்தி இம்புட்டு ஒளிவுமறைவில்லாம, அதே நேரத்துல அழாம எழுதுன பாட்டை நான் அதிகங் கேட்டதில்ல. பான் ஸ்காட்டுங்கிற பய வேலை வெட்டி எல்லாம் பாத்து, அடியும் பட்டு, பொறவு பாட வந்தவன். அது வரியில தெரியுது. சரி, சரி, வெளிய சொல்லீராத. தாத்தன் நையாண்டிதாம் பண்ணுவான்னு ஊருல ஒரு பேரு இருக்கு.

இனிமேத்தான் பெரிய சண்டை. பான் ஸ்காட்டா, பிரையன் ஜான்சனா?

இது தீராது மக்கா. பான் ஸ்காட்லாந்துல பொறந்து, சின்னப் பயலா இதே மெல்போனுக்கு வந்து, பொறவு மேக்கால கோடியில ஃப்ரீமாண்டில்ல வளந்தவன். 1980 பிப்ரவரி 19, லண்டன்ல ராத்திரி குடிச்சிட்டுச் சேக்காளி கார்ல படுத்தவன் எந்திரிக்கல. 33 வயசு. அப்பதாம் 'ஹைவே டு ஹெல்' அமெரிக்காவுல 17ஆம் எடம் வரைக்கும் ஏறி, கதவு லேசாத் தொறந்திருக்கு. ஏப்ரல்லயே பஹாமாஸ் தீவுல நாசோவுக்குப் போயி, நியூகாசில் பக்கத்து ஆளு பிரையனைப் பாட வச்சு வேலைய ஆரம்பிச்சிட்டாவ. ஜூலை 25, 'பேக் இன் பிளாக்' கடைக்கு வந்துட்டு. துட்டிக்கு அடையாளமா அட்டை பூராக் கறுப்பு. மொதச் சத்தம் மணிச் சத்தம்.

அந்த மணி கதை தெரியுமா ஒனக்கு? இங்கிலாந்துல லஃப்பரோங்கிற ஊருல போர் நினைவுக் கோபுரத்து மணிய அடிச்சுப் பதியலாம்னு போனாவளாம். மணிய அடிச்ச அடியில உள்ள அடைஞ்சு கெடந்த பறவையெல்லாம் படபடன்னு கெளம்பி, நாடா பூராச் சிறகடிக்கிற சத்தம். பொறவு அதே ஊருப் பட்டறையில இவுகளுக்குன்னு செஞ்சுக்கிட்டிருந்த மணி ஒன்னு, ஏறக்குறைய 900 கிலோ, அதைப் பட்டறையிலயே அடிச்சுப் பதிஞ்சிருக்காவ. ஒத்த மணிச் சத்தத்துக்கு இம்புட்டுப் பாடு.

பான் கட்சிக்காரன் ஒருத்தன் கட்டாயம் ஆரம்பிப்பான், 'பேக் இன் பிளாக்' வரியெல்லாம் பான் எழுதி வச்சிட்டுப் போன நோட்டுலருந்து எடுத்ததுன்னு. பிரையனும், கிதாரு வாசிக்கிற யங் அண்ணந்தம்பியும் அப்பிடி ஒன்னுமில்லன்னு சொல்லியாச்சு. பான் சாகதுக்குக் கொஞ்சநாள் முந்தி ஒத்திகைக்கு வந்து, பாடாம, டிரம்ஸ் முன்னால உக்காந்து ரெண்டு பாட்டுக்கு அடிச்சுக் குடுத்தாங்கது வரைக்கும் வெளிய வந்த சேதி. மத்தது அவனவன் ஆசை. செத்தவன் நோட்டை ஆரு பாத்தா? இதுல நீ எறங்காத. ஆளைப் பாத்துப் பேசு. எதுத்தாப்புல இருக்கவன் மண்டை நரைச்சு வழுக்கையாயிட்டுன்னா பான்னு சொல்லு. முடி நெறய இருந்தா பிரையன்னு சொல்லு. ரெண்டுங்கெட்டான் மண்டையா இருந்தா, 'ஹைவே டு ஹெல்'லுக்கும் 'பேக் இன் பிளாக்'குக்கும் தயாரிப்பாளர் அதே மட் லாங்தானேன்னு சொல்லிப் பேச்சை மாத்து. அதுக்கப்புறம் அவனுவ லாங்கை வையத் தொடங்கிருவானுவ. கரடுமுரடா இருந்ததை இழைச்சு இழைச்சு பாலீசு போட்டுட்டாம்னு ஒரு கட்சி, அவன் இல்லன்னா இவனுவ இன்னும் சிட்னி மதுக்கடையிலதாம் வாசிச்சிக்கிட்டு இருப்பானுவன்னு இன்னொரு கட்சி. ஒனக்கு ஒரு மணி நேரம் நிம்மதி.

பான் இருந்தது ஆறு வருசங்கூட இல்ல. பிரையன் வந்து 1980லருந்து பாடுதாரு. நடுவுல 2016ல காது கேக்காமப் போயி, ஆக்சில் ரோஸ் வந்து மிச்சக் கச்சேரிய முடிச்சுக் குடுத்ததும் உண்டு. ஆனாலும் பான் கட்சிக்காரனுக்கு பிரையன் இன்னைக்கும் நேத்து வந்த ஆளுதாம்.

1983லருந்து 1988 வரைக்கும் மூணு ஆல்பம் வந்துது, 'ஃப்ளிக் ஆஃப் தி ஸ்விட்ச்', 'ஃப்ளை ஆன் தி வால்', 'புளோ அப் யுவர் வீடியோ'. அதைப் பத்தி ரொம்பப் பேச ஒன்னுமில்ல. ஆனா எல்லாக் கூட்டத்துலயும் ஒரு மூலையில ஒரு பய இருப்பான், 'ஃப்ளிக்'குக்கு நாயம் கெடைக்கலன்னு கண்ணு கலங்குவான். லாங்கை விட்டுட்டு அவனுவளே தயாரிச்சது, மினுக்கே இல்லாத சத்தம், அதாம் அசல்ம்பான். அவன்கூட வாதாடாத. அவனுக்கு வேற ஆதரவு கெடையாது. பொறவு 1990ல 'தண்டர்ஸ்ட்ரக்' வந்து எல்லாரையும் எழுப்பி விட்டுது. அந்தப் பாட்டைப் பத்திச் சொல்ல வேண்டாம், இந்தத் தெருவுல புல்லு வெட்டுதவன் போன் அடிச்சாலும் அதுதாம் வருது. 2008ல 'பிளாக் ஐஸ்' வந்தப்ப அமெரிக்காவுல வால்மார்ட் கடையில மட்டும் வித்தானுவ. பருப்பும் சட்டித் துணியும் விக்கிற கடையிலயா எங்க சாமின்னு பொங்குனவனுவ, மொத ஆளாப் போயி வரிசையில நின்னு வாங்குனதும் உண்டுமாம். 29 தேசத்துல அது ஒன்னாம் எடம்.

ஒங்க ஊருப் பெருமை வேற பெரும் பெருமையா இருக்கு. ஆஸ்திரேலியா பேண்டுன்னு நெஞ்சைத் தட்டிக்கிட்டு நிக்கானுவ. யங் வீட்டுப் பயலுவ ஸ்காட்லாந்து கிளாஸ்கோவுல பொறந்து, 1963ல குடும்பத்தோட சிட்னிக்கு வந்தவனுவ. பான் ஸ்காட்லாந்து. பிரையனும் கிளிஃப் வில்லியம்ஸும் இங்கிலாந்து. 'பேக் இன் பிளாக்' வாசிச்ச அஞ்சுபேர்ல இந்த மண்ணுல பொறந்தது டிரம்ஸ் ஃபில் ரட் ஒருத்தந்தாம். அதுவும் இந்த மெல்போன். வந்தேறிக் கூட்டம்லே எல்லாம், நம்மள மாதிரியே. அப்பிடியிருந்தும் இந்த நகராட்சி 2004ல ஒரு சந்துக்கு அவுக பேரை வச்சிருக்கு. நீதானே கூட்டிட்டுப் போயிக் காட்டுன, ஃப்ளிண்டர்ஸ் லேன்லருந்து திரும்புத சந்து. தெருப்பேருல நடுவுல மின்னல் கோடு போடப்படாதுன்னு அரசாங்கச் சட்டமாம், அதனால கோடு இல்லாம ஒட்டி எழுதியிருக்காவ. ஒலகத்தையே அதிர வச்ச பேண்டுகிட்டருந்து மின்னலைப் புடுங்க ஒரு குமாஸ்தா போதும்.

சுவான்ஸ்டன் தெருவுல 1976 பிப்ரவரில லாரி மேல நின்னுக்கிட்டு, ஊதுபை எல்லாம் வச்சு, 'இட்ஸ் எ லாங் வே டு த டாப்' பாட்டை வாசிச்சுக்கிட்டே போயிருக்கானுவ. டிராம்ல போகும்போது அந்த எடத்தை நீ காட்டுனப்ப எனக்குச் சந்தோசமாத்தாம் இருந்துது. கொடைக்குச் சப்பரம் கெளம்புதப்ப நாங்க முன்னால அடிச்சிக்கிட்டு நடப்பம்லா. ஆனா அந்தப் பாட்டு எந்த ஆல்பத்துலன்னு கேட்டு வச்சீன்னா போச்சு. இந்த ஊருக்காரன் 'டி.என்.டி.'ம்பான், வெளியூர்க்காரன் 'ஹை வோல்ட்டேஜ்'ம்பான். 1975ல இங்க மட்டும் வந்த ரெண்டு ஆல்பத்துலருந்து பொறுக்கி எடுத்து 1976ல வெளிநாட்டுக்கு ஒன்னாக்கி விட்டானுவ, அதுக்கும் 'ஹை வோல்ட்டேஜ்'னு பழைய பேரையே வச்சானுவ. அதனால மொத்தம் எத்தனை ஆல்பம்ங்கதுலயே சண்டை. இங்க எண்ணுனா 17, வெளிய எண்ணுனா 16. எண்ணிக்கையே ஒத்துவராத கூட்டம் தரம் பிரிக்க உக்காந்திருக்கு!

இம்புட்டுக்கும், ஒரே ஆல்பத்தைத்தாம் திருப்பித் திருப்பிப் போடுதோம்னு அங்கஸ் யங்கே சிரிச்சுக்கிட்டுச் சொன்னதா ஒரு பேச்சு. அந்த மனுசன் இன்னைக்கும் பள்ளிக்கூட டவுசரைப் போட்டுக்கிட்டு மேடையில ஒத்தக்காலால தத்திக்கிட்டு ஓடுதாரு. அக்கா மார்கரெட் சொல்லிக் குடுத்த வேசமாம் அது. தையல் மிசின்ல எழுதியிருந்ததைப் பாத்து பேண்டுக்குப் பேரு சொன்னதும் அந்த அம்மாதாம்னு சொல்லுதாவ. எல்லாத்தையும் அந்தப் பொம்பளை பண்ணிக் குடுத்திருக்கு, எந்தப் பய பட்டியல்லயும் பேரு இல்ல.

பேரில்லாத இன்னொரு ஆளும் இருக்கான்லே. அங்கஸுக்கு மூத்தவன் மால்கம். நேத்து ராத்திரி நீங்க மூணுமணி வரைக்கும் கத்துனீங்க, பான் வந்துது, பிரையன் வந்தாரு, லாங் வந்தாரு, பறவை கூட வந்துது, மால்கம் பேரை ஒருத்தன் சொல்லல. மேளத்துல நாயனக்காரனுக்கு மாலை விழும், கரகம் ஆடுதவளுக்கு ரூவா நோட்டைக் குத்துவாவ, பின்னால நின்னு தாளம் போடுதவனுக்குக் கடைசில ஆறிப்போன காப்பிதாம். ஆனா அவன் கை ஒரு நொடி பெசகட்டும், என் தவில் தவுடுபொடி. மால்கம் அந்த ஆளு. தேவையில்லாததைக் கழட்டி எறிஞ்ச பழைய கிரெட்ச் கிதாரு, தடிச்ச கம்பி, ஆம்ப்ளிஃபயர் பக்கத்துல நிப்பான், பாடுத நேரம் மைக்குக்கு ரெண்டடி முன்னால வருவான், சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டுப் பின்னால போயிருவான். அவன் வலதுகை எப்ப நிக்குதுங்கதுதாம் அந்தப் பாட்டு. அடிக்கிறதை விட அடிக்காம விடுத எடம். 'பேக் இன் பிளாக்' பேர்ப்பாட்டுல மூணு தட்டுத் தட்டிட்டு ஒரு காலி எடம் விடுவானுவ பாரு, அந்தக் காலி எடத்துக்குத்தாம்ல 5 கோடிப் பேரு துட்டு குடுத்திருக்கான்.

நம்பலன்னா ஒன்னு சொல்லுதேன். 1988ல மால்கம் குடிய விடணும்னு கச்சேரிப் பயணத்துலருந்து நடுவுல ஒதுங்கிட்டான். அவனுக்குப் பதில் அண்ணன் மவன் ஸ்டீவி வந்து நின்னான். ஒரே சாடை, ஒரே ஒசரம், ஒரே மாதிரிக் கிதாரு. முன்வரிசையில நின்ன பலபேருக்கு ஆள் மாறுனதே தெரியலயாம். இங்கிலாந்துத் தட்டுக்கும் ஐரோப்பாத் தட்டுக்கும் ஒரு பாட்டு வித்தியாசத்தைக் கண்டுபுடிக்கிற காதுக, கண்ணு முன்னால முழு மனுசன் இல்லாததைக் கண்டுக்கல.

2014ல 'ராக் ஆர் பஸ்ட்' வந்தப்ப அவனுக்கு மறதி நோய், அதே ஸ்டீவிதாம் வாசிச்சான். 2017 நவம்பர்ல மால்கம் போயிட்டான். அதுக்கு ஒரு மாசம் முந்தி, இவுகளுக்கு வேலை கத்துக்குடுத்த மூத்தவன் ஜார்ஜும் போயிட்டான். 2020ல வந்த 'பவர் அப்'ல எல்லாப் பாட்டுக்கும் அங்கஸ், மால்கம் ரெண்டு பேரும் எழுதுனதுன்னுதாம் போட்டிருக்கு. ரெண்டு பேருமா முன்னால போட்டு வச்சிருந்த துண்டு துணுக்கை எடுத்துக் கோத்தது. அந்தத் தட்டை ஒன் கூட்டாளி 'புதுசா ஒன்னுமில்ல'ன்னான். செத்தவன்கிட்டப் புதுசு கேக்கான்.

சரி, வாற வெள்ளிக்கெழமை அவனுவ திரும்ப வருவானுவல்லா. அதுக்குள்ள ஒன்னு செய்யி. பெரும்பாலும் இந்தத் தட்டுகள்ல மால்கம் சத்தம் இடதுபக்கம், அங்கஸ் சத்தம் வலதுபக்கம் வரும். நீ வலதுபக்க ஸ்பீக்கர் ஒயரை மெதுவாக் கழட்டி விட்டுரு. எல்லாத் தட்டுலருந்தும் பாட்டுக்கு நடுவுல ஒரு துண்டு, பாடுதவன் வாயத் தொறக்காத எடமாப் பாத்துப் போடு. போட்டுட்டு, இது எந்த ஆல்பம்டேன்னு மட்டும் கேளு. அந்தச் சுருட்டமுடிப் பயலை என் பக்கத்துல உக்கார வை, அவன் மூஞ்சிய நான் பாக்கணும்.